ஜீவகாலமெல்லாம்

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் தகப்பனாரை அடக்கம் செய்தபோது, குழியிலிருந்து ஐம்பதடி தள்ளி ஒரு பூவரச மரத்தடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்லியிருந்தார்கள். உடல் முழுவதும் பாதுகாப்பு உடை அணிந்த நால்வர், நெகிழித் தாளில் சுற்றிக் கட்டப்பட்ட உடலைக் கயிற்றில் இறக்கினார்கள். எங்கள் சபையில் ஆயரை ஐயர் என்றுதான் அழைப்போம்; அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து வாசித்த அடக்க ஆராதனை என் காதில் விழவில்லை. கோயில் மணி அடிக்கவில்லை, பாட்டு இல்லை, மூன்று கைப்பிடி மண் போட எனக்கு வாய்க்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் ஐயருக்குத் துணையாகச் சபைப் பணி செய்யும் உபதேசியாராக இருந்து, பொறையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ சாவு வீடுகளில் ஜெபித்துப் பாடிய மனிதர், ஒரு ஞானப்பாட்டின் ஓர் அடிகூட இல்லாமல் பத்து நிமிடத்தில் மண்ணுக்குள் போனார். குழிமேட்டில் எண் எழுதிய ஒரு பலகைத் துண்டை நட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. துக்கம் ஆறவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அதையே சொல்லிவந்தேன். உண்மையில் எனக்கு இருந்தது பயம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். விரல்கள் தாமாகக் கழுத்து நாடியைத் தேடும். அது துடிப்பது உறுதியான பிறகும் உறக்கம் வராது. மூன்று முறை ஈசிஜி எடுத்தாயிற்று. இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லியாயிற்று. மயிலாடுதுறைக்கு வேலைக்குச் செல்லும் வழியில் பறையோசை கேட்டால் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுவேன். உறவில் யாராவது இறந்தால் மனைவியை மட்டும் அனுப்பிவைப்பேன். தங்கை மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியை நான் கட்டுவதாக ஏற்றிருந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளைகளுக்கு என்ன இருக்கும் என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிய பிறகு, ஏதேதோ காரணம் சொல்லி அதை நிறுத்திக்கொண்டேன். ஞாயிறுதோறும் சபையாரோடு எழுந்து நின்று, சரீரம் உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் விசுவாசிப்பதாக அறிக்கை செய்தேன். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கை இரவு இரண்டு மணிக்கு என்னிடம் வந்து சேரவே இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், இப்படிப் பயந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று பின்னாளில் தெரிந்துகொண்டதுதான். விசுவாசிக்குச் சாவுபயம் இருக்கலாமா என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என அஞ்சி வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள்.

என்னை அந்த இடத்திலிருந்து நகர்த்தியவர் என் அத்தை, அப்பாவின் அக்காள். பொறையாற்றுக்கும் திருக்கடையூருக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டு, இளவயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைகள் இல்லாமல், மூன்று மா நிலத்தைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். 2023 ஜூலையில், எழுபத்தெட்டாவது வயதில், அவருக்குப் பித்தப்பையில் புற்று இருப்பது தெரியவந்தது. அறுவை செய்யும் நிலையைக் கடந்துவிட்டது என்றார்கள். செய்தி வந்ததும் ஓடிப்போயிருக்க வேண்டியவன் நான். மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். சாகப்போகிற ஒருவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதே என் கவலையாக இருந்தது.

நான் போன அன்று அவர் விதை நெல்லோடு போராடிக்கொண்டிருந்தார். உப்புக் கரைசலில் போட்டு மிதந்த பதரை அரித்து எடுத்துவிட்டு, நல்ல நெல்லைக் கழுவி, ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோலைப் போட்டு மூட்டம் வைத்திருந்தார். சி.ஆர். 1009 ரகம், பொன்மணி என்பார்கள், அறுவடைக்கு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து மாதத்தை மனத்துக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு நான் பேசாமல் நின்றேன். அத்தை சாக்கின் வாயை அவிழ்த்து, "கைய உள்ள விட்டுப் பாரு தம்பி" என்றார். விட்டேன். காய்ச்சல் கண்ட உடம்பைப் போல உள்ளே சுட்டது. புளிப்பேறிய ஒரு வாடை வந்தது. நெல்மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"நேத்து வரைக்கும் இது அரிசியாகியிருக்கலாம், இனிமே ஒலையில போட முடியாது. சோத்துக்கு இது செத்துப்போச்சு" என்றார் அத்தை. பிறகு, தகப்பனாரின் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்து சனிக்கிழமைதோறும் தமக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். கண் மங்கிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். என் நிலையை அவர் அறிந்துதான் கேட்டிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்படித் தொடங்கிய வாசிப்பில், ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமையன்று எபிரெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தோம். பல முறை கேட்ட வசனம்தான். கிறிஸ்து மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவரானது எதற்காக என்று சொல்லும் இடத்தில், "ஜீவகாலமெல்லாம் மரணபயத்தினாலே அடிமைத்தனத்திற்குள்ளானவர்கள் யாவரையும் விடுதலைபண்ணும்படிக்கும்" என்று வரும். "ஜீவகாலமெல்லாம்" என்ற சொல்லில் என் குரல் நின்றுவிட்டது. மரண பயம் என்பது கடைசிக் கட்டிலில் வருகிற ஒன்று என்றே நான் எண்ணியிருந்தேன். அது சாகும் நாளைவிட வாழும் நாளைத்தான் பிடித்து ஆள்கிறது என்று அந்த நிருபம் சொல்கிறது. எந்தத் தெரு வழியாக வண்டி போக வேண்டும், யார் வீட்டுத் துக்கத்துக்குப் போகக் கூடாது, தங்கை மகள் படிக்கலாமா வேண்டாமா என்பதையெல்லாம் என் வீட்டில் தீர்மானித்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்கு அன்று விளங்கியது. நான் செத்துப்போய்விடவில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளாகச் சாவின் பண்ணையில் ஆளாக இருந்திருக்கிறேன்.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியது எங்கள் கடற்கரையில்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, 1715-இல் அதை அங்கேயே அச்சிட்டு முடித்தார். இன்று நாம் வாசிக்கும் சொற்கள் பிற்காலத் திருத்தங்களில் அமைந்தவை. என்றாலும் மரணபயத்திலிருந்து விடுதலை என்ற அந்தச் செய்தி அச்செழுத்தாகத் தமிழரின் கைக்கு வந்த முதல் இடம் அது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சில மாதங்களில், 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்கு இறந்து அதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். வயது முப்பத்தாறு. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னை அந்தக் கல்லறையருகே நிறுத்தி அந்த எண்ணைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்பா இறந்தபோது எனக்கும் முப்பத்தாறுதான். என் இரவுகளில் அந்த எண்ணும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஊர் ஊராக நடந்து, மொழி கற்று, சிறையிருந்து, அச்சுக்கூடம் நிறுவி, தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடிக்காமலேயே போன அந்த மனிதர், தம் நாட்களைச் சேமித்து வைத்திருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திராது.

அத்தை வீட்டுக்குப் போகும் சாலையில் திருக்கடையூருக்குச் செல்லும் வேன்களைப் பார்க்காத நாள் கிடையாது. அறுபது நிறைந்தவர்கள், எண்பது நிறைந்தவர்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புடைசூழ, மாலையும் பட்டுமாகச் செல்வார்கள். பதினாறு வயதோடு முடியவிருந்த மார்க்கண்டேயன் சிவலிங்கத்தைக் கட்டிக்கொள்ள, பாசக்கயிற்றை வீசிய எமனைச் சிவன் காலால் உதைத்த தலம் அது. சாவுக்கு எதிரான முறையீடு எங்கள் மண்ணில் எவ்வளவு பழமையானது என்பதை அந்த வேன்கள் எனக்கு நினைவூட்டும். அதை மதிப்போடுதான் பார்க்கிறேன். கிறிஸ்தவ விசுவாசம் சொல்லும் கதை வேறு விதமானது. அதில் கயிறு விலகவில்லை. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று கெத்செமனே தோட்டத்தில் கலங்கி, அந்தப் பாத்திரம் நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டி, நீங்காதபோது அதற்குள் இறங்கி, மூன்றாம் நாளில் மறுபுறமாக வெளியே வந்த ஒருவரைப் பற்றியது அந்தக் கதை. அவர் அஞ்சவே இல்லை என்று சுவிசேஷங்கள் எழுதிவைக்கவில்லை. லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறவரே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மரணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் நண்பன் என்றோ வீடுபேறு என்றோ அழைக்கவில்லை. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துருவைச் சத்துரு என்று சொல்லலாம் என்பதே எனக்கு ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் உள்ளே வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்போது பிரியாதிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்பா மூன்று நாட்கள் தரங்கம்பாடிக் கடற்கரையில் சடலங்களைத் தூக்கினார். நான் நிவாரண முகாமில் உணவுப் பொட்டலம் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு கிணற்றடியில் அவருக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றியபடி, பயமாக இல்லையா என்று கேட்டேன். "செத்தவங்க என்னை என்னடா பண்ணப் போறாங்க? உயிரோட இருக்கறவங்க மூஞ்சியத்தான் பாக்க முடியல" என்றார். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வந்து கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலர் மாண்டார்கள். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். தப்பியதைச் சாட்சியாகச் சொல்லும் பிரசங்கங்களை அப்போது நிறையக் கேட்டோம். அப்பா அதைப் பிரசங்க பீடத்தில் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படியானால் மணலில் கிடந்தவர்கள் யார் பிள்ளைகள் என்று கேட்பார். கிறிஸ்தவ நம்பிக்கையைச் சாவிலிருந்து தப்பிக்க வைக்கும் காப்பீடாகச் சொல்லிவிட்டால், தப்பாதவர்களின் முன்னால் அது வாயடைத்துப் போகும். அப்பாவிடம் இருந்த நம்பிக்கை, மணலில் கிடந்தவர்களையும் தூக்கிச் சுமக்கக் கூடியதாக இருந்தது.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் தாக்கியபோது, கிறிஸ்தவர்கள் நோயாளிகளைக் கைவிடாமல் பராமரித்து, பலர் அதிலேயே மாண்டதை அவ்வூர் ஆயர் தியொனீசியு கடிதமாக எழுதியிருக்கிறார். ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைச் சீமை பசியில் வாடிய நாட்களில், முன்கூட்டியே நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஊருக்குச் சோறு போட்டார். 1798-இல் அவர் இறந்தபின் சரபோஜி மன்னர் நிறுவிய சலவைக்கல் சிற்பம், தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துக் கிறிஸ்தவ ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. சாகும் குருவின் படுக்கையருகே மன்னர் நின்று அவர் கையைப் பற்றியிருக்கும் காட்சி அது. சிறுவயதில் அதை ஓர் அழகான சிற்பமாக மட்டும் பார்த்தேன். இப்போது, சாகிற ஒருவரின் கையை அஞ்சாமல் பற்றிக்கொள்ள ஒரு மன்னர் கற்றிருந்தார் என்று பார்க்கிறேன்.

புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அத்தையின் வீட்டில் நடந்தவற்றைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். அந்த ஆண்டு மேட்டூரில் நீர் போதாமல் அக்டோபரிலேயே அணையை அடைத்துவிட்டார்கள். மழையை நம்பி நட்ட பயிர் நின்றது. அத்தை திண்ணையில் சாய்ந்தபடி, பயிர் எப்படி இருக்கிறது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார். அதற்கிடையில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வெண்கலப் பானை அடுத்த வீட்டு மருமகளுக்கு. தையல் இயந்திரம் சபையின் வாலிபப் பெண்களுக்கு. அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த தொகைகளைக் குறித்து வைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் அடுப்பில் போடச் சொன்னார். இருபது ஆண்டுகளாக ஓர் அடி வரப்புக்காகப் பேச்சற்றுப் போயிருந்த பக்கத்து நிலத்துக்காரரை ஆளனுப்பி வரவழைத்து, "அந்த ஓர் அடிய நீங்களே எடுத்துக்குங்கண்ணே, எனக்கு ஆறடி போதும்" என்றார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று இரவு நான் தங்கைக்குத் தொலைபேசியில் பேசி, மகளின் கட்டணத்தை மறுபடி நானே கட்டுவதாகச் சொன்னேன். ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன்.

அவரை ஒரு புனிதவதியாக எழுதிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன். கஞ்சியில் உப்புக் குறைந்தால் கோபம் வரும். ஆறுதல் சொல்ல வந்து நீளமாக ஜெபித்தவர்கள் போனபின் முணுமுணுப்பார். பயமில்லையா அத்தை என்று ஒரு நாள் துணிந்து கேட்டபோது, "வலிக்குப் பயமாத்தான் இருக்கு. அத மறைச்சு என்ன ஆவப்போவுது?" என்றார். வீடு தேடி வந்த செவிலியர் கொடுத்த மார்பின் மாத்திரைகளால் வலி ஓரளவு அடங்கியது. அது இல்லாத இரவுகளில் அவர் பட்ட பாட்டை எழுத என்னால் இயலாது.

அப்பாவின் பிரசங்கக் குறிப்பேடு ஒன்று என்னிடம் இருந்தது. அதில், 1519-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் சாவுக்கு ஆயத்தமாவதைப் பற்றி எழுதிய பிரசங்கத்திலிருந்து ஒரு கருத்தை அப்பா குறித்து வைத்திருந்தார்: தாயின் ஒடுக்கமான கருவறையிலிருந்து குழந்தை இடுக்கத்தோடும் ஆபத்தோடும் இந்த விரிந்த உலகத்துக்குள் வருவதைப் போல, மனிதன் மரணம் என்னும் ஒடுங்கிய வாசல் வழியாகப் போகிறான் என்பது அது. அத்தை இளவயதில் ஊர் மருத்துவச்சிக்கு ஒத்தாசையாகப் பல பிரசவங்களில் கூட இருந்தவர். வாசித்ததைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறக்கறப்ப எந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டு வருது? நீலம் பாரிச்சு, கத்திக்கிட்டுத்தான் வருது" என்றார். ஆகவே சாகும்போது அழுதாலும் தவறில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும். அதே லுத்தர் 1542-இல் தம் பதின்மூன்று வயது மகள் மக்தலேனாளை இழந்தபோது, உயிர்த்தெழுதலை உறுதியாக நம்பியபடியே ஆற்றமாட்டாமல் அழுதவர்தான். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை, துக்கிக்கவே வேண்டாம் என்று நாம் பல நேரம் தவறாகப் படித்துவிடுகிறோம்.

மார்கழியில் ஓர் இரவு. விளக்கை அணைக்க வேண்டாம் என்றார். சற்று நேரத்தில் என் கையைத் தேடிப் பிடித்து, "ஒண்ணுமே தெரியல தம்பி. ஜெபம் பண்ணுனா யாரும் கேக்கற மாதிரி இல்ல. இருட்டா இருக்கு" என்றார். எனக்குப் பகீரென்றது. இத்தனை மாதம் இவருடைய உறுதியில் அல்லவா நான் சாய்ந்துகொண்டிருந்தேன்! சொல்வதற்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. கெத்செமனேயில் இயேசு தம் நண்பர்களிடம் கேட்டது விழித்திருங்கள் என்பது மட்டுமே என்று நினைவு வந்தது. விழித்திருந்தேன். விடியும்வரை அந்தக் கை என் கைக்குள் இருந்தது. நான் சாவுக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததை விடிந்த பிறகுதான் கவனித்தேன். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது நம் மனத்தில் எழும் தைரியத்தின் அளவைப் பொறுத்தது என்றால், அந்த இரவில் அத்தையிடம் அது அற்றுப்போயிருந்தது. ஆனால் சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறியவரைத் தேவன் எழுப்பினார் என்பது அத்தையின் தைரியத்தைக் கேட்டு நடந்த காரியம் இல்லையே. அவர் பிடி தளர்ந்த நேரத்திலும் அவரைப் பிடித்திருந்தது அப்படியே இருந்தது. காலையில் எழுந்து, கஞ்சியில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் விதையைப் பற்றிப் பவுல் எழுதிய பகுதியை அத்தை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்ற வசனத்தைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தாவரவியல் படித்தவன் நான். விதைக்குள் உயிர் இருக்கிறது, செத்த விதை முளைக்காது என்று அறிந்தவன். பிணத்துக்குள் அப்படி ஓர் உயிர் ஒளிந்திருக்கவில்லை. பவுலும் அதை அறிந்தே எழுதுகிறார் என்பது மேலும் இரண்டு வசனம் வாசித்தபோது புரிந்தது. மேனியைக் கொடுக்கிறவர் தேவன் என்கிறார். முளைக்கிற வல்லமை நமக்குள் இருப்பதாக அவர் சொல்லவில்லை. ஆன்மா இயல்பிலேயே அழியாதது, உடலைச் சட்டைபோலக் கழற்றிவிட்டு மேலே போய்விடும் என்ற எண்ணம் எங்கள் சபைகளிலும் பரவலாக உண்டு. விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்வது அதைவிட வலுவானது: சரீரம் எழுந்திருக்கும். நெகிழித் தாளில் சுற்றப்பட்ட என் தகப்பனாரின் உடல், தேவனுக்குக் கழிவுப் பொருள் ஆகிவிடவில்லை.

கிறிஸ்துவை அதே அதிகாரம் "நித்திரையடைந்தவர்களில் முதற்பலன்" என்று அழைக்கிறது. கி.பி. 55 வாக்கில் அதை எழுதும்போது, உயிர்த்தெழுந்தவரைக் கண்ட ஐந்நூறு பேருக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார் பவுல். போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிற தொனி அதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் முதற்பலன் என்றால் என்னவென்று சிறுபிள்ளைக்கும் தெரியும். வயல் முழுவதும் அறுவடை இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் ஒரு கைப்பிடிக் கதிரை அரிவாளால் அறுத்துக் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுவருவோம். பலிபீடத்தருகே அந்தக் கதிர்க்கட்டைக் கண்டவர்களுக்கு, மீதி வயல் எங்கோ விளைந்து நிற்கிறது என்பதில் சந்தேகம் வராது. தை மாதத்தில் அத்தையின் வயலிலிருந்து அந்தக் கட்டை நான்தான் அறுத்தேன். ஆலயத்துக்குப் போகும் வழியில் அவரிடம் காட்டினேன். ஒரு மணியைக் கிள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் காய்ஞ்சிருக்கலாம்" என்றார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு விடியற்காலையில் அவர் நித்திரையடைந்தார். குளிப்பாட்டி வெள்ளைப் புடவை உடுத்தும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான். வாசலில் அழுகிறவர்களை எழுப்பக் கூடாது என்று அவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். தெருவிலிருந்த மற்றச் சமயத்துப் பெண்கள் வாசலில் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சபை மூப்பர் ஒருவர் முகம் சுளித்தார். ஐயர் அவரைக் கையமர்த்திவிட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை காத்திருந்து ஜெபத்தைத் தொடங்கினார்.

அத்தையின் கடைசி விருப்பம் ஒன்று இருந்தது. "எனக்கு அடிக்கிறப்ப என் தம்பிக்கும் சேத்து மணி அடிக்கச் சொல்லு. அவனுக்கு அடிக்கல" என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஐயரிடம் தெரிவித்தேன். துக்க மணி ஒரு முறை அடித்து ஓய்ந்தது. கூட்டம் கலையும் என்று நினைத்த நேரத்தில், மணி அடிக்கும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை மறுபடியும் கயிற்றைப் பிடித்தார். இரண்டாவது மணி யாருக்கு என்று ஊரில் பலருக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இறந்ததற்கு நான் அன்றுதான் அழுதேன்.

எங்கள் மண் நீர்ப்பாங்கானது. தையிலும் ஐந்தடிக்குக் கீழே ஊற்று சுரக்கும். குழியிலிருந்து வாளி வாளியாக நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது என் கால்கள் பின்வாங்கின. மூன்று கைப்பிடி மண் போட்டேன். ஆனால் விளிம்பில் நின்று கீழே பார்க்கவில்லை. பக்கத்தில்தான் அப்பாவின் குழிமேடு, எண் எழுதிய பலகையோடு இருந்தது. அதன் மேலும் மூன்று கைப்பிடி போட்டேன்.

அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. எங்கள் சபையார் விடிவதற்கு முன்னால் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், இருட்டில் நின்றபடியே ஆராதனையைத் தொடங்குவது வழக்கம். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஐயர் உரக்கச் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று கல்லறைகளுக்கு நடுவிலிருந்து எல்லோரும் சொன்னோம். அப்பாவுக்கு முந்தின வாரம்தான் பெயர்க்கல் வைத்திருந்தேன். எண் பலகையைப் பிடுங்கியபோது அதன் அடியைக் கரையான் தின்றிருந்தது.

வெளிச்சம் வந்தபின் கூட்டம் ஆலயத்தை நோக்கி நடந்தது. நான் பின்தங்கினேன். தோட்டத்தின் கிழக்கு மூலையில் குழிவெட்டும் பெரியவர் மண்வெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். முந்தின இரவு சபையில் ஒரு தாத்தா இறந்திருந்தார். மாலை நான்கு மணிக்கு அடக்கம். பெரியவருக்கு முழங்காலில் வலி. ஏறக்குறைய தோண்டி முடித்துவிட்டு, மேட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "தம்பி, அடிமண்ண மட்டும் சமம் பண்ணணும். ஒருத்தரு எறங்குனா தேவல" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பங்குனி மாதமாகையால் நீர் கீழே போயிருந்தது. மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஒரு நண்டு வளை. அறுந்துபோன பூவரச வேர் ஒன்று. மண்வெட்டியால் மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தில் தள்ளி, காலால் மிதித்துச் சமன் செய்தேன். தலைக்கு மேலே நீள்சதுரமாக வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஆலயத்திலிருந்து ஈஸ்டர் பாட்டின் பல்லவியைச் சிறுவர்கள் மூன்றாம் முறையாகப் பாடுவது கேட்டது. கழுத்து நாடியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தலைமாட்டுப் பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை உயரம் வேண்டும் என்றார் பெரியவர். மண்ணை வாரி அங்கே போட்டேன்.